ஸ்பைஸுக்குக் குளிர் தெரியுமா?

நூல்களை விமர்சிக்கிறோம், நாடகத்தையும் திரைப்படத்தையும் விமர்சிக்கிறோம். ஆனால் கணிப்பொறி நிரல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, இது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது, சொன்னதில் எவ்வளவு சரி என்று பார்க்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை. நிரலும் மனிதர் எழுதிய ஓர் ஆக்கமே. எழுதியவர் ஏற்றுக்கொண்ட கொள்கைகள், தேவையில்லை என்று அவர் ஒதுக்கிவிட்ட உண்மைகள் எல்லாம் அதன் சமன்பாடுகளுக்குள் இருக்கின்றன. மின்னணுவியல் படிக்கும் மாணவர்கள் அன்றாடம் கையாளும் 'ஸ்பைஸ்' என்னும் நிரலை ஒரே ஒரு கேள்வியைக் கொண்டு இங்கே விமர்சிக்க முற்படுகிறேன். கடுங்குளிரில் ஒரு டிரான்சிஸ்டர் எப்படி நடந்துகொள்ளும் என்று அதனிடம் கேட்டால், அது தரும் விடையை நம்பலாமா?

ஸ்பைஸ் 1973ஆம் ஆண்டில் வெளியுலகுக்கு அறிமுகமாயிற்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்ட் பெடர்சனும் அதை உருவாக்கினர். மின்சுற்று ஒன்றைப் பற்றாசு வைத்து இணைத்துப் பார்க்கும் முன்பே, அதன் ஒவ்வொரு முனையிலும் எவ்வளவு வோல்ட் இருக்கும், ஒவ்வொரு கிளையிலும் எவ்வளவு மின்னோட்டம் பாயும் என்று கணித்துச் சொல்வது அதன் வேலை. ஆங்கிலத்தில் சிமுலேஷன் எனப்படும் இதனை நாம் பாவனைக் கணிப்பு என்று அழைப்போம். பெடர்சன் இந்நிரலை விலைபேசி விற்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அதனால்தான் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் அதன் வழித்தோன்றல்கள் உலகெங்கும் வாழ்கின்றன. பம்பாய் ஐ.ஐ.டி. மாணவர்களுக்காக இலவசமாக வழங்கும் 'இ-சிம்' என்ற தொகுப்பின் அடிவயிற்றில் இருப்பதும் ஸ்பைஸின் வழிவந்த நிரல்தான். இந்தப் பெருமையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒருங்கிணைந்த சுற்றுகளின் வரலாற்றில் இதற்கு இணையான பொதுநலப் பணி மிகக் குறைவு.

ஸ்பைஸில் வெப்பநிலையைக் குறிக்க ஒரு வரி உண்டு. அதை எழுதாமல் விட்டால் 27 டிகிரி செல்சியஸ் என்று தானே எடுத்துக்கொள்ளும். எழுதினால், எழுதிய வெப்பநிலைக்கு எல்லா எண்களையும் மாற்றிக் கணக்கிடும். மைனஸ் 196 என்று எழுதிவிட்டால் போதும். அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்க, திரையில் உள்ள டிரான்சிஸ்டர் மட்டும் திரவ நைட்ரஜனில் மூழ்கிவிடும். ஒரு விநாடிக்குள் ஆறு இலக்கத் துல்லியத்தில் விடை வந்து நிற்கும். இந்த எளிமைதான் என் கவலைக்குக் காரணம்.

கிரையோஜெனிக் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்களுக்கு மகேந்திரகிரியும் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டும் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மைனஸ் 196 டிகிரி, அதாவது 77 கெல்வின், திரவ நைட்ரஜனின் கொதிநிலை. கால்நடை மருந்தகங்களில் பசுக்களின் சினை ஊசிக்கான உறைவிந்துக் குச்சிகள் இந்தத் திரவத்தில்தான் மூழ்கிக் கிடக்கின்றன. உலோகப் புஷ்ஷைச் சுருக்கி அதன் குழிக்குள் இறுக்கமாகப் பொருத்துவதற்கும் இயந்திரத் தொழிலில் இதே திரவம் பயன்படுகிறது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் பழகியவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

குறைகடத்திகளைப் பொறுத்தவரை ஆவடிக்குக் குளிரோடு இன்னும் நெருங்கிய உறவு உண்டு. 1961இல் அமைந்த ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டி-90 பீஷ்மா டாங்கி, இருளில் வெப்பப் படக்கருவியின் மூலம் பார்க்கிறது. எதிரே இருக்கும் வண்டியின் சூடான எஞ்சின் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டே அக்கருவி படத்தை உண்டாக்குகிறது. நெடுந்தொலைவு பார்க்க வேண்டிய இத்தகைய கருவிகளில் மெர்க்குரி காட்மியம் டெல்லுரைடு போன்ற குறைகடத்தி உணர்வியை வைக்கிறார்கள். அறை வெப்பநிலையில் இந்த உணர்வி தன் சொந்த வெப்பத்தாலேயே ஏராளமான மின்னூட்டங்களை உண்டாக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஒளி அதில் அடிபட்டுப் போகும். ஆகையால் கைக்கடக்கமான குளிர்ப்பதனப் பொறி ஒன்றைக் கொண்டு அதை ஏறத்தாழ 80 கெல்வின் வரை குளிர்விக்கிறார்கள். உணர்வியின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஒரு சிலிக்கான் சில்லும் இருக்கிறது. ஒவ்வொரு படப்புள்ளியிலும் சேர்ந்த மின்னூட்டத்தை வரிசையாகப் படித்துச் சொல்வது அதன் பணி. உணர்வி குளிர்ந்தால் அதுவும் குளிர்ந்தே ஆகவேண்டும். அந்தச் சில்லை வடிவமைப்பவர் 80 கெல்வினில் தம் டிரான்சிஸ்டர்கள் எப்படி இயங்கும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். உணர்வியும் சில்லும் ஆவடியில் செய்யப்படுவன அல்ல என்றாலும், ஆவடியிலிருந்து புறப்படும் டாங்கிக்கு இரவில் கண் கொடுப்பவை அவையே.

இனி, குளிர்ந்தால் குறைகடத்திக்கு என்ன ஆகிறது என்று பார்ப்போம். தனிச்சுழி வெப்பநிலையில் தூய குறைகடத்தி ஒரு காப்பானாக இருக்கும் என்று பாடநூல்கள் கற்பிக்கின்றன. அது உண்மை. அறை வெப்பநிலையில் ஒரு கன சென்டிமீட்டர் தூய சிலிக்கானில் ஏறத்தாழ 1,000 கோடி எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் விடுபட்டுத் திரிகின்றன. 77 கெல்வினில் இந்த எண்ணிக்கை 10இன் மைனஸ் 20 அடுக்குக்கு இறங்கிவிடுகிறது. இதைக் கண்ணால் காண வேண்டுமானால், பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் வரை நீளமும், அதே அளவு அகலமும், அதே அளவு உயரமும் கொண்ட ஒரு சிலிக்கான் பாளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதை முழுவதும் திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினால், விடுபட்ட எலெக்ட்ரான் அதற்குள் ஒன்றே ஒன்றுதான் அகப்படும்!

ஆனால் டிரான்சிஸ்டர் தூய சிலிக்கானால் ஆனதன்று. பாஸ்பரஸ், போரான் போன்ற மாசுகளை அளவோடு சேர்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். பாஸ்பரஸ் அணுவிடமிருந்து எலெக்ட்ரானைப் பிரிக்க 45 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் போதும். அறையில் வெப்பத்தின் சராசரி அளவு 26 மில்லி எலெக்ட்ரான் வோல்ட் ஆகையால் ஏறக்குறைய எல்லா அணுக்களும் தம் எலெக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிடுகின்றன. 77 கெல்வினில் அந்த அளவு 6.6 ஆகக் குறைகிறது. கொடுக்க மறுக்கும் அணுக்கள் பெருகுகின்றன. இதையே உறைதல் என்கிறோம். பாடநூல் வரைபடத்தில் இடது கோடியில் வளைந்து கீழே விழும் கோடு இதுதான். அந்தக் கோடு விழுந்த இடத்தோடு பாடமும் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே டிரான்சிஸ்டர் செத்துவிடும் என்றே மாணவர் எண்ணிக்கொள்கிறார்.

உண்மை அவ்வளவு எளிதன்று. கன சென்டிமீட்டருக்கு 10இன் 15 அடுக்கு என்ற மெல்லிய அளவில் பாஸ்பரஸ் சேர்த்த சிலிக்கானில், 77 கெல்வினிலும் பத்தில் ஏழு அணுக்களுக்கு மேல் எலெக்ட்ரானை விட்டிருக்கும் என்று கணக்கு சொல்கிறது. மாசை நூறு மடங்காக்கினால் எட்டில் ஒன்று அளவே விட்டிருக்கும். சரி, மாசு கூடக்கூட உறைதல் கூடும் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. ஏறத்தாழ 35 ஆயிரம் கோடிக் கோடி என்ற கட்டத்தை, அதாவது 3.5 பெருக்கல் 10இன் 18 அடுக்கைத் தாண்டியதும், மாசு அணுக்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருங்கிவிடுகின்றன. எலெக்ட்ரான்களுக்கு வீடு எது வாசல் எது என்ற வேறுபாடே இல்லாமல் போகிறது. சிலிக்கான் உலோகம் போலாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு குளிர்வித்தாலும் அது உறைவதில்லை.

மாஸ் டிரான்சிஸ்டரைக் காப்பாற்றுவது இந்த விந்தைதான். அதன் சோர்ஸ், டிரெயின் என்னும் இரு முனைகளிலும் மாசு மிகச் செறிவாக உள்ளது, அவை உறைவதில்லை. நடுவில் உள்ள பகுதி உறைந்தே போனாலும், கேட் முனையில் தரும் மின்னழுத்தம் சோர்ஸிலிருந்து எலெக்ட்ரான்களை இழுத்து வந்து பாதை போட்டுவிடுகிறது. 1977ஆம் ஆண்டிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த கென்ஸ்லன் முதலியோர் மிகச் சிறிய மாஸ் டிரான்சிஸ்டர்கள் குளிரில் சிறப்பாக இயங்குவதைக் காட்டினர். 1987இல் வெளிவந்த இ.டி.ஏ.-10 என்ற பெருங்கணிப்பொறியின் சில்லுகள் திரவ நைட்ரஜனில் மூழ்கியபடியே வேலை செய்தன. அறையில் ஓடுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு வேகத்தில் ஓடின. (வேகம் இருந்தும் வியாபாரம் இல்லை, 1989இல் அந்நிறுவனம் மூடப்பட்டது.) 2021 டிசம்பரில் விண்ணேறிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் 40 கெல்வின் அளவிலும் சிலிக்கான் சில்லுகள் உழைத்துக்கொண்டிருக்கின்றன. பாடநூல் கொன்றுவிட்ட டிரான்சிஸ்டர் இப்படி உயிரோடு உலவுகிறது.

பாடநூல் ஒரு பக்கம் தவறு செய்தால், ஸ்பைஸ் அதற்கு நேரெதிர்ப் பக்கம் தவறு செய்கிறது. பாடநூல் எல்லாம் நின்றுவிடும் என்கிறது. ஸ்பைஸ் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்கிறது. அதன் விடைகளைச் சற்று உரசிப் பார்ப்போம்.

முதலில் டயோடு. இதில் ஸ்பைஸுக்கு நல்ல மதிப்பெண் தரலாம். சாதாரண சிலிக்கான் டயோடு ஒன்றில் 1 மில்லி ஆம்பியர் செலுத்தினால் அறையில் 0.65 வோல்ட் இருக்கும் என்றும், 77 கெல்வினில் 1.02 வோல்ட் ஆகும் என்றும் அதன் சமன்பாடு சொல்கிறது. திரவ நைட்ரஜனில் டயோடை அமிழ்த்தி மீட்டர் வைத்துப் பார்த்தாலும் ஒரு வோல்ட்டை ஒட்டியே முள் நிற்கும். குளிரில் சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி அகலுவதையும் ஸ்பைஸ் மறக்கவில்லை. அதற்கு அது கையாளும் வாய்பாட்டை 1967இல் வெளியிட்டவர், இந்தியாவில் பிறந்து கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த ஒய்.பி. வர்ஷ்னி ஆவார். உலகில் எங்கே யார் ஸ்பைஸில் வெப்பநிலையை மாற்றினாலும் வர்ஷ்னியின் வாய்பாடு ஒருமுறை வேலை செய்கிறது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

அடுத்தது உமிழ்ப்பான், அடிவாய், ஏற்பான் என்ற மூன்று முனைகள் கொண்ட பழைய இருதுருவ டிரான்சிஸ்டர். ஆய்வகத்தில் மாணவர்கள் முதன்முதலில் கையில் எடுப்பது இதைத்தான். இதன் மின்னோட்டப் பெருக்கம் வெப்பநிலையோடு எப்படி மாறும் என்பதற்கு ஸ்பைஸில் ஓர் அடுக்கெண் உண்டு. நாம் அதைத் தரவில்லை என்றால் ஸ்பைஸ் சுழி என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, அறையில் 100 ஆக இருந்த பெருக்கம் திரவ நைட்ரஜனிலும் 100 ஆகவே இருக்கும்! உண்மையில் சாதாரண சிலிக்கான் டிரான்சிஸ்டரின் பெருக்கம் அந்தக் குளிரில் பல மடங்கு வீழ்ந்துவிடுகிறது. உமிழ்ப்பானில் மாசு மிகவும் செறிந்திருப்பதால் அங்கே ஆற்றல் இடைவெளி சற்றே குறுகியிருக்கும். அறையில் அந்தச் சிறு வேறுபாடு பெரிதாகத் தெரியாது. குளிரக் குளிர அதன் விளைவு அடுக்குக்குறி முறையில் பெருகி, பெருக்கத்தை விழுங்கிவிடுகிறது. அடிவாயில் ஜெர்மானியம் கலந்து செய்யும் டிரான்சிஸ்டர்களில் இதே இயற்பியல் தலைகீழாக நின்று உதவி செய்கிறது. குளிரில் பெருக்கம் கூடுகிறது. தயாரிப்பாளர் தந்த மாதிரியில் அந்த அடுக்கெண் இருந்தால் ஸ்பைஸ் ஓரளவு தப்பித்துக்கொள்ளும். இல்லாவிட்டால், உண்மையில் ஊமையாகிவிடும் பெருக்கிச் சுற்று திரையில் மட்டும் பாடிக்கொண்டே இருக்கும்.

மாஸ் டிரான்சிஸ்டருக்கு வருவோம். ஸ்பைஸின் முதல்நிலை மாதிரியில், எலெக்ட்ரான்கள் ஓடும் எளிமை வெப்பநிலையின் மைனஸ் ஒன்றரை அடுக்கில் மாறுகிறது. குளிரில் அணுக்களின் அதிர்வு அடங்குவதால் எலெக்ட்ரான்கள் மோதாமல் ஓடுகின்றன என்பது இதன் கருத்து, கருத்தில் பிழையில்லை. 77 கெல்வினில் இக்கணக்கு 7.7 மடங்கு என்று சொல்கிறது. இதுவே மிகைதான். இன்னும் கீழே, திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினுக்கு அதே சமன்பாட்டைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். 600 மடங்கு என்று வரும்! நடைமுறையில் ஏற்றம் சில மடங்குகளோடு நின்றுவிடுகிறது. அதிர்வு அடங்கினாலும் மாசு அணுக்களும், சிலிக்கானுக்கும் ஆக்சைடுக்கும் இடையே உள்ள மேடுபள்ளமும் அடங்குவதில்லை அன்றோ? ஒழுங்கான சாலையில் லாரிகளை எல்லாம் நிறுத்திவிட்டாலும் குழிகள் குழிகளாகவே இருக்கும்.

டிரான்சிஸ்டரை அணைக்கும் வேகமும் இதைப் போன்றதே. மின்னோட்டத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்க, அறையில் கேட் மின்னழுத்தத்தை எவ்வளவு நன்றாகச் செய்த டிரான்சிஸ்டரிலும் 60 மில்லிவோல்ட்டாவது இறக்க வேண்டும். கொள்கைப்படி இது வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இறங்கி 77 கெல்வினில் 15 ஆகவும், 4.2 கெல்வினில் 0.8 ஆகவும் வரவேண்டும். அளந்தவர்களோ 4.2 கெல்வினில் 10 மில்லிவோல்ட் அளவிலேயே கோடு தேங்கிவிடுவதைக் கண்டனர். ஆற்றல் பட்டையின் ஓரம் கத்தி வெட்டியது போல முடியாமல், வேட்டியின் நைந்த ஓரம் போல இழை இழையாக உள்ளே நீண்டிருப்பதே இதற்குக் காரணம் என்று இப்போது விளக்குகிறார்கள். முதல்நிலை ஸ்பைஸ் மாதிரியில் இந்தக் கசிவு மின்னோட்டம் அறவே கிடையாது. அணைந்தால் அணைந்ததுதான்.

மிக வேடிக்கையான சான்று சிலிக்கான் டயோடு வெப்பமானியிலிருந்து கிடைக்கிறது. கடுங்குளிர் ஆய்வகங்களில் வெப்பநிலையை அளக்க இதையே பெரிதும் நம்புகிறார்கள். 10 மைக்ரோ ஆம்பியர் செலுத்தினால் அறையில் 0.56 வோல்ட்டும், 77 கெல்வினில் 1.03 வோல்ட்டும், 4.2 கெல்வினில் 1.58 வோல்ட்டும் காட்டுகின்ற டயோடு ஒன்று கடையிலேயே கிடைக்கிறது. டயோடுச் சமன்பாட்டின்படி வெப்பநிலை சுழியை நெருங்க நெருங்க மின்னழுத்தம் ஆற்றல் இடைவெளிக்குரிய 1.2 வோல்ட்டுக்குள் அடங்கிவிட வேண்டும். பொருளோ 1.58 என்கிறது! ஏறத்தாழ 25 கெல்வினுக்குக் கீழே, உறைந்துபோன பகுதியின் ஊடாக மின்னோட்டத்தைத் தள்ளுவதற்கே தனியாக மின்னழுத்தம் செலவாகிறது. அந்த உறைதல் ஸ்பைஸின் டயோடுக்குள் எழுதப்படவேயில்லை. பிழையான கொள்கைக்கு இது ஒரு தலைவலி. வெப்பமானி செய்பவர்களுக்கோ இது வரப்பிரசாதம். அந்தக் கீழ்ப்பகுதியில்தான் டயோடு ஒவ்வொரு கெல்வினுக்கும் முன்னைவிடப் பத்து மடங்குக்கு மேல் கூர்மையாக விடையளிக்கிறது.

கணிப்பொறியின் சொந்தப் பலவீனம் ஒன்றும் இங்கே வெளிப்படுகிறது. 4.2 கெல்வினில் தூய சிலிக்கானின் எலெக்ட்ரான் எண்ணிக்கை, புள்ளிக்குப் பின் ஏறத்தாழ 680 சுழிகள் இட்டு அதன்பின் ஒன்று எழுதும் அளவுக்குச் சிறியது. கண்ணுக்கெட்டிய பிரபஞ்சம் முழுவதையும் சிலிக்கானால் நிரப்பினாலும் ஓர் எலெக்ட்ரான் கிடைக்காது. கணிப்பொறிகள் வழக்கமாகக் கையாளும் இரட்டைத் துல்லிய எண்முறையோ 308 சுழிகளோடு ஓய்ந்துவிடுகிறது. அதற்கும் சிறிய எண்ணை அது வெறும் சுழியாக்கிவிடும். பிறகு யாராவது அந்தச் சுழியால் வகுக்கச் சொன்னால் தடுமாறி நின்றுவிடும். நிற்காமல் இருப்பதற்காக ஸ்பைஸ் ஒவ்வொரு சந்தியின் குறுக்கேயும் மிக நுண்ணிய கடத்தும் பாதை ஒன்றைத் தானே இணைத்து வைக்கிறது. கணக்கு முடிய அது நல்ல உதவிதான். ஆனால் கடுங்குளிரில் நாம் டயோடின் மின்னோட்டம் என்று படிப்பது டயோடினுடையதாக இல்லாமல் இந்த ஒட்டுப்பாதையினுடையதாக இருந்துவிடக்கூடும்.

இத்தனைக்கும் நேகலையும் பெடர்சனையும் குற்றம் சொல்வது முறையாகாது. அவர்கள் ஆர்க்டிக்கையும் பாலைவனத்தையும் மனத்தில் கொண்டு எழுதினார்களே தவிர ஹீலியக் குடுவையை அன்று. இராணுவத் தரமுள்ள கருவிகளுக்கே மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரைதான் எல்லை. அந்த எல்லைக்குள் சமன்பாடுகள் நேர்மையாகவே நடந்துகொள்கின்றன. ஸ்பைஸின் இரண்டாம் பதிப்புக் கையேட்டில், மைனஸ் 223 டிகிரிக்குக் கீழே தரும் வெப்பநிலைகள் ஏற்கப்படமாட்டா என்ற குறிப்பும் இருக்கிறது. ஆக, எங்கோ வேலி போட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. என் குறை எல்லாம் அந்த வேலி மிகத் தள்ளிப் போடப்பட்டது என்பதே. மைனஸ் 55க்கும் மைனஸ் 223க்கும் இடைப்பட்ட பரந்த வெளியில் நிரல் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. எச்சரிக்காமல் ஆறு இலக்கம் அச்சிடுகிறது. நல்ல ஆசிரியர் தமக்குத் தெரியாத கேள்வி வந்தால் முகத்திலாவது காட்டிவிடுவார்.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. டிரான்சிஸ்டரைச் சமன்பாட்டுச் சுருக்கமாகக் கொள்ளாமல், அதன் உடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உறைதலைக் கணக்கிடும் பெரிய நிரல்கள் உள்ளன. அவை மிகச்சிறிய எண்களைத் தாங்குவதற்கு இரட்டைத் துல்லியத்தையும் விடக் கூடுதலான துல்லியத்தில் கணக்கிட வேண்டியிருக்கிறது, நேரமும் பிடிக்கிறது. மறுபுறம், ஸ்பைஸுக்குள் பொருந்தும் புதிய மாதிரிகளும் வந்துள்ளன. பெர்க்கிலியின் 'பிசிம்' மாதிரிக் குடும்பம் உலகச் சில்லுத் தொழிலின் பொதுமொழியாகவே ஆகிவிட்டது. அதன் வளர்ச்சியில் கான்பூர் ஐ.ஐ.டி. ஆய்வாளர்களுக்கும் பங்குண்டு. அண்மை ஆண்டுகளில் இம்மாதிரிகளில் கடுங்குளிருக்கான திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. நான் வேட்டியின் ஓரம் என்று சொன்னேனே, அந்தத் தேக்கத்தை, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க மறுக்கும் 'செயல் வெப்பநிலை' ஒன்றைக் கொண்டு சமாளிக்கிறார்கள். இது இயற்பியலா, ஒட்டுப்போடுதலா என்று கேட்டால் இரண்டும் பாதிப் பாதி என்பேன். எப்படியானாலும் அதன் எண்கள், குறிப்பிட்ட தொழிற்சாலையில் செய்த குறிப்பிட்ட சில்லைக் குளிர்வித்து அளந்துதான் கிடைக்கின்றன. ஒரு தொழிற்சாலையின் எண்கள் இன்னொன்றுக்கு உதவா.

இது வெறும் ஏட்டுப் பூசல் அல்ல. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை ரூ. 6,003.65 கோடியில் தேசியக் குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது, சென்னை ஐ.ஐ.டி.யும் அதன் மையங்களுள் ஒன்று. குவாண்டம் கணிப்பொறிகளில் ஒரு வகை, தனிச்சுழிக்கு மேலே ஒரு கெல்வினில் நூறில் ஒரு பங்கு அளவிலான குளிரில் இயங்குகிறது. அறையிலிருந்து ஒவ்வொரு குவாண்டம் அலகுக்கும் தனித்தனிக் கம்பி இழுப்பதைவிட, 4 கெல்வின் தட்டிலேயே கட்டுப்பாட்டுச் சில்லை வைத்துவிடலாம் என்று கூகுள், இன்டெல் முதலிய நிறுவனங்கள் 2019 முதல் செய்து காட்டியுள்ளன. அந்தத் தட்டில் குளிர்ப்பொறியால் அகற்ற முடிகின்ற வெப்பம் ஓரிரண்டு வாட் அளவே. இரவு விளக்கு ஒன்றின் வெப்பம்தான்! மின்னோட்டக் கணிப்பு இரண்டு மூன்று மடங்கு பிசகினால்கூடச் சில்லு தன்னைத் தாங்கும் குளிரையே கெடுத்துவிடும். அதுமட்டுமல்ல, குடுவை 4 கெல்வினில் இருந்தாலும், ஓடும் டிரான்சிஸ்டரின் பாதை தன் சூட்டாலேயே பல கெல்வின் உயர்ந்து நிற்கும். எந்த வெப்பநிலையைச் சமன்பாட்டில் இடுவது என்பதே அப்போது ஒரு கேள்வியாகிறது.

அம்பத்தூரிலிருந்து ஆவடி, பூந்தமல்லி வரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்து கிடக்கின்றன. இறுதியாண்டுத் திட்டத்துக்காக மாணவர் ஒருவர் "திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் பெருக்கிச் சுற்று" என்ற தலைப்பை எடுத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பைஸில் ஒரு வரியை மாற்றினால் நாற்பது பக்க அறிக்கை வந்துவிடும். வண்ண வரைபடங்களும் வரும். அதைத் திருத்தும் ஆசிரியர் இரண்டு கேள்விகள் கேட்டால் போதும் என்பது என் கருத்து. இந்த மாதிரி எந்த வெப்பநிலை வரை அளந்து பார்க்கப்பட்டது? பெருக்கத்தின் அடுக்கெண்ணுக்கு நீ என்ன மதிப்பு இட்டாய், ஏன்? விடை இல்லை என்றால் அந்த நாற்பது பக்கங்களில் இருப்பது டிரான்சிஸ்டரின் வரலாறு அல்ல, சமன்பாட்டின் வரலாறு.

கல்லூரியில் திரவ நைட்ரஜன் வரவழைக்க முடிந்தால் சரிபார்ப்பது எளிது. ஒரு டயோடு, ஒரு டிரான்சிஸ்டர், ஒரு பன்முறை மீட்டர் போதும். ஆசிரியர் உடனிருக்க வேண்டும். காற்றோட்டமான இடமாக இருக்க வேண்டும், ஏனெனில் ஆவியாகும் நைட்ரஜன் அறையின் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். கலனை எக்காரணம் கொண்டும் இறுக மூடக்கூடாது, வெடித்துவிடும். டயோடு ஸ்பைஸோடு ஒத்துப்போவதையும், டிரான்சிஸ்டர் ஒத்துப்போகாததையும் அரை மணியில் கண்டுவிடலாம். பிறகு சுற்றில் உள்ள மற்ற உறுப்புகளையும் ஒவ்வொன்றாக அமிழ்த்திப் பாருங்கள். தாமிரக் கம்பியின் தடை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். திரையில் 100 மைக்ரோஃபாரட் என்று அசையாமல் நிற்கும் எலெக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி, உள்ளிருக்கும் திரவம் உறைந்து பெயரளவுக்கே மின்தேக்கியாக மிஞ்சும்; மின்தேக்கி குளிரும் என்று நாமே எடுத்துச் சொல்லாவிட்டால் ஸ்பைஸுக்கு அது தெரிய வழியில்லை. கடைசியாக ஓர் ஆரஞ்சு நிற எல்.இ.டி.யை எரியவிட்டு உள்ளே இறக்குங்கள். வர்ஷ்னி சொன்ன இடைவெளி அகல, ஒளி ஆரஞ்சிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். நிறத்தைப் பற்றி ஸ்பைஸ் எழுதியவர்கள் ஒரு வரியும் எழுதவில்லை.